சூடு இறங்காத படி

அன்பர்களே, உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது? என்றாவது ஒரு நாள், உண்டு முடித்துப் பாயில் மல்லாந்து கிடந்த வேளையிலாவது, இந்தக் கேள்வியை உங்கள் நெஞ்சிடம் கேட்டதுண்டா? வானம் இருக்கிறது என்பார் சிலர். விதி என்பார் சிலர். பணிவுள்ளவர்கள் கடவுள் என்பார்கள். கல்யாணமானவர்கள் மாமனார் என்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக உங்கள் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கிறது. கூரைக்கு மேல் சூரியன் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எதை வைப்பது என்று தீர்மானிக்கத்தான் மனிதனுக்கு அறிவு வழங்கப்பட்டது. அது வழங்கப்பட்ட அன்று ஊரில் இல்லாமற்போன மூவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

கரிசல் காட்டு நடுவில் வெயிலுகந்தபுரம் என்று ஓர் ஊர். அங்கே மழை விருந்தாளி, வெயில்தான் வீட்டுக்காரன். அவ்வூரில் தவசிலிங்கம், வெயிலுமுத்து, பால்வண்ணன் என்று அண்ணன் தம்பிகள் மூவர், பொரிகடலை வறுக்கும் தொழில் செய்து வந்தார்கள். பகலெல்லாம் எரியும் அடுப்பின் முன் நின்று வறுப்பார்கள். மாலையில் வீடு திரும்பியதும், அடுப்படியே தேவலை என்று சொல்லி வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். வீடு கான்கிரீட் வீடு. தளம் போட்ட கையோடு அதன்மேல் வெயில் தாங்கும் தட்டோடு பதித்திருக்க வேண்டும். பதிப்பதற்கு நல்ல நாள் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் பல சித்திரைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

தவசிலிங்கத்துக்குக் கல்யாணமாகி, தவமிருந்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்தக் குழந்தையின் முதல் கோடை இது. ஒரு காலையில் அவன் மனைவி பூரணம் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ராவெல்லாம் அழுவுது. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை வருவேன். வந்து செவுத்துல கை வெச்சுப் பாப்பேன். சுட்டுச்சுன்னா வந்த ஆட்டோவிலேயே திரும்பிருவேன். அப்புறம் ஐப்பசி மழை விழுந்த பிறகுதான் இந்தப் படி ஏறுவேன்."

"நான் என்ன செய்யணும், சொல்லு" என்றான் தவசிலிங்கம்.

"கூரைக்கு மேல சூடு தாங்குற பொருளாப் பாத்துப் போடுங்க. எது நல்லதுன்னு நாலு பேருகிட்டக் கேட்டுப் போடுங்க."

அவள் போய்விட்டாள். தவசிலிங்கம் வேலைக்குப் போகாமல் வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பிமார் இருவரும் அவனருகே நுனிக்காலில் நடந்தார்கள். தொட்டில் விழித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் கவலை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த மூவரும் சோம்பேறிகள் அல்லர், பாசமில்லாதவர்கள் அல்லர், யாருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். உலகத்தில் நடக்கும் கேடுகளில் பாதி, சொன்ன சொல்லைத் தட்டுகிறவர்களால் நடக்கிறது. மீதிப் பாதியை யார் செய்கிறார்கள் என்பதை இனி நீங்கள் பார்ப்பீர்கள்.

மூவரும் டவுனில் உள்ள ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள். கடை அண்ணாச்சி நல்ல மனிதர். பொறுமையாக எடுத்துச் சொன்னார். வெள்ளைப் பெயிண்ட் இருக்கிறது. இரண்டு கோட்டு அடித்துவிட்டால் வெயில் வந்த வழியே திரும்பிப் போய்விடும். தெர்மாகோல் அட்டை இருக்கிறது. மீன் மார்க்கெட்டில் ஐஸ்பெட்டி பார்த்திருப்பீர்களே, உள்ளே இருப்பதை வெளியே விடாது. தட்டோடு இருக்கிறது, ஆனால் அதைக் கொத்தனார் வந்துதான் பதிக்க வேண்டும். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு ஒரு வியாபாரம் நடந்திருக்கும். அவருடைய கெட்ட நேரம், "எதுன்னாலும் நல்லா யோசிச்சு எடுங்க" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

யோசிக்கச் சொன்னதால், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து யோசித்தார்கள். முதலில் பெயிண்டை எடுத்துக்கொண்டார்கள்.

"வெயில் வந்த வழியே திரும்பிப் போயிரும்னாரு" என்று தொடங்கினான் தவசிலிங்கம். "வந்த வழி எது?"

"காலையில கிழக்கே இருந்து வருது அண்ணே" என்றான் வெயிலுமுத்து. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவன் என்பதால் வீட்டில் அவன் சொல்லுக்குத் தனி மதிப்பு.

"கிழக்கே யாரு வீடு?"

"ஏட்டையா வீடு."

மூவரும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு மாசிலாமணி, போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் குரல் போகவில்லை.

"நம்ம வெயிலை அவரு வீட்டுக்குத் திருப்பி விட்டா சும்மா இருப்பாரா?" என்றான் பால்வண்ணன்.

"அவரும் வெள்ளை அடிச்சு நமக்கே திருப்பி அனுப்புவாரு. ரெண்டு வீட்டு வெயிலும் சேந்து வரும்" என்றான் வெயிலுமுத்து.

சாயங்காலம் வெயில் மேற்கிலிருந்து வருகிறதே, அதை மட்டுமாவது திருப்பலாமா என்று கேட்டான் பால்வண்ணன். மேற்கே சுடுகாடு, அங்கே இருப்பவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள், ஆனால் காலை வெயிலைத் திருப்பாதே, மாலை வெயிலை மட்டும் திருப்பு என்று பெயிண்டுக்கு யார் சொல்வது என்று அண்ணன் கேட்டான். பெயிண்ட் கைவிடப்பட்டது. நம்மில் எத்தனை பேர் நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். இவர்கள் தங்கள் வெயிலைக்கூடப் பிறர் வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. இந்தப் பெருந்தன்மை வெளியே தெரியாமற் போகக் கூடாது என்று தவசிலிங்கம் எதிர்வீட்டுக்குப் போய், "ஏட்டையா, எங்க வெயிலை உங்க வீட்டுக்கு அனுப்புறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். மாசிலாமணி காபி டம்ளரை வைத்துவிட்டு வெகுநேரம் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது தெர்மாகோல்.

"உள்ள இருக்கறதை வெளியே விடாதுன்னாரு. இப்ப நம்ம வீட்டுக்குள்ள என்ன இருக்கு?" என்றான் தவசிலிங்கம்.

"சூடு."

"அப்ப அட்டையைப் போட்டு மூடினா?"

பால்வண்ணன் பதறி எழுந்தான். "உள்ள இருக்குற சூடு வெளியே போகாது அண்ணே. காலாகாலத்துக்கும் இங்கயே கெடக்கும்."

எப்பேர்ப்பட்ட ஆபத்திலிருந்து தப்பினோம் என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வெயிலுமுத்து ஒரு வழி சொன்னான். முதலில் வீட்டைக் குளுமையால் நிரப்ப வேண்டும். நிரம்பியபின் அட்டை போட்டு மூடிவிட வேண்டும். அப்புறம் குளுமை எங்கே போகும்? ஆக, அட்டையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், குளுமையை இப்போது வாங்குவோம் என்று மீன் மார்க்கெட்டுக்குப் போய், ஐஸ்பாளங்களை வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றி, சாக்கைப் போட்டு மூடி, உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் வண்டி இலேசாகிக்கொண்டே வந்தது. நாம் பழகிவிட்டோம், அதனால் பாரம் தெரியவில்லை என்று பால்வண்ணன் மகிழ்ந்தான். வீட்டு வாசலில் மூடியைத் திறந்தபோது உள்ளே ஈரச்சாக்கு இருந்தது. சாக்கில் மீன் வாடை இருந்தது.

வாங்கியதை வீணாக்கலாகாது என்று சாக்கை வீட்டின் நான்கு மூலைகளிலும் பிழிந்தார்கள். குளுமை வரவில்லை. தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் வந்தன. வீட்டில் மீன் இல்லை என்று கண்டதும் எதிர்வீட்டுக்குப் போய், மாசிலாமணி உறைக்கு ஊற்றி வைத்திருந்த பாலைக் குடித்துவிட்டுப் போயின. அவர் இம்முறை டம்ளரை வைக்கவில்லை, எறிந்தார்.

மிஞ்சியது தட்டோடு. கொத்தனார் தங்கப்பழத்தைப் போய் அழைத்து வந்தார்கள். அவர் கோயில் மதில் வேலையைப் பாதியில் விட்டு வந்தவர், அவசரம். மாடிக்குப் போய் நின்றார், குதித்தார், இறங்கி வந்தார்.

"சூடு பூராவும் மொட்டை மாடியில இருந்துதான் கீழ இறங்குது. அது இறங்காதபடி செஞ்சுட்டா வீடு குளுகுளுன்னு இருக்கும். தட்டோடு வாங்கி வையுங்க. கோயில் வேலையை முடிச்சுட்டுத் திங்கக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

திங்கட்கிழமை. பூரணம் வருவது ஞாயிற்றுக்கிழமை. தவசிலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது வெயிலுமுத்து அண்ணனின் தோளைத் தொட்டான்.

"அண்ணே, கொத்தனார் சொன்னதைக் கவனிச்சீங்களா? நமக்குத்தான் புரியலை. சூடு இறங்காத படி செய்யணும்னாரு."

"ஆமா, இறங்காதபடி செய்யணும்."

"படின்னா என்ன?"

தவசிலிங்கம் திரும்பி, வீட்டின் பக்கவாட்டில் மாடிக்குப் போகும் செங்கல் படிக்கட்டைப் பார்த்தான். பால்வண்ணனும் பார்த்தான். இத்தனை வருடம் அதில் ஏறி இறங்கியும், அதே வழியாக இன்னொன்றும் இறங்கிக்கொண்டிருப்பதை ஒருவரும் கவனிக்காமல் இருந்துவிட்டார்கள்.

"வேற வழியும் கிடையாதே" என்றான் அண்ணன் மெல்ல. "மாடியில இருந்து கீழ வர்றதுக்கு இது ஒண்ணுதான்."

பெரியோர் எதையும் முதலில் நயமாகச் சொல்லிப் பார்ப்பார்கள். ஆகவே வெயிலுமுத்து ஓர் அட்டையில், 'இவ்வழியே சூடு இறங்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதிப் படிக்கட்டின் உச்சியில் மாட்டினான். மறுநாள் வீட்டுக்குள் முன்னைவிடச் சுட்டது. சூட்டுக்கு வாசிக்கத் தெரியாதோ என்று பால்வண்ணன் ஐயப்பட்டான். அப்படிச் சொல்லிவிட முடியாது, எழுத்து சின்னதாகப் போய்விட்டது, சூட்டுக்குக் கண் மங்கலாக இருக்கலாம் என்றான் எழுதியவன்.

நயம் பலிக்காததால் காவல் வைத்தார்கள். பால்வண்ணன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தான். எது இறங்கினாலும் ஒரே போடு என்பது உத்தரவு. உச்சிவேளை வரை ஒன்றும் இறங்கவில்லை. சூடு இன்னும் மேலேதான் இருக்கிறதா என்று பார்த்துவர, தவசிலிங்கம் வெறுங்காலோடு மாடிக்குப் போனான். போன வேகத்தைவிட வேகமாகத் துள்ளிக்கொண்டு இறங்கி வந்தான். உத்தரவுப்படி அவனுக்கு ஒரு போடு கிடைத்தது. அண்ணன் என்று தெரிந்ததும் பால்வண்ணன் கம்பைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தான். பிடித்த கையை உதறினான்.

"அண்ணே, உங்க உடம்பு சுடுது."

"மேல நின்னேன்லா."

"போகும்போது சுடலையே. நான் தொட்டுப் பாத்துத்தானே அனுப்புனேன்."

வெயிலுமுத்து வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். பிறகு, மருத்துவர் கெட்ட செய்தி சொல்வதுபோலச் சொன்னான்: "சந்தேகமே இல்லை. சூடு தனியா இறங்கலை. உங்க மேல ஏறி உக்காந்து இறங்கியிருக்கு."

தவசிலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பெத்த பிள்ளைக்கு நானே சுமந்து கொண்டாந்து கொடுத்திருக்கேனே" என்று தலையில் அடித்துக்கொண்டான். குழந்தை தன் தோளில் ஏறித் தூங்கிய நாட்களெல்லாம் அவனுக்கு நினைவு வந்தன. அந்தத் தோளில் அதற்கு முன்பே வேறொன்று ஏறியிருந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது.

படிக்கட்டை இடிப்பது என்று முடிவாயிற்று. இடிக்கக் கடப்பாரை வேண்டும். கடப்பாரை எதிர்வீட்டில் இருந்தது. மூவரும் போய்க் கேட்டார்கள். எதற்கு என்று மாசிலாமணி கேட்டார். சொன்னார்கள். வெயில் அனுப்பாத செய்தி, பூனை குடித்த பால், தெருவெல்லாம் அடித்த மீன் வாடை எல்லாம் அவருக்குள் ஒன்றாகத் திரண்டு மேலெழுந்தன.

"சூடு சொரணை இல்லாத பயலுகளா" என்று தொடங்கி, தம் சர்வீசில் கற்ற அனைத்தையும் சொல்லி முடித்தார். பிறகு, கடப்பாரையையும் தூக்கி வெளியே எறிந்தார். மூவரும் நன்றி சொல்லி அதை எடுத்துக்கொண்டார்கள்.

பாதித் தெருவில் தவசிலிங்கம் நின்றான்.

"ஏட்டையா முதல்ல என்ன சொன்னாரு?"

"நமக்குச் சூடு சொரணை இல்லைன்னாரு."

"சூடு இல்லையா?"

"இல்லையாம். சொரணையும் இல்லையாம்."

"சொரணையை விடு. கூரைக்கு அது வேண்டாம். சூடு இல்லைன்னாரா, நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு."

"அடிச்சுச் சொன்னாரு அண்ணே. போலீஸ்காரரு. அவரு வாயில பொய் வருமா?"

அன்பர்களே, உலகத்தார் தமக்கு வேண்டிய பொருளை ஊரெல்லாம் தேடி அலைகிறார்கள். அது தமக்குள்ளேயே இருப்பதை அறிவதில்லை என்று ஞானிகள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பேருண்மை நடுத்தெருவில், கடப்பாரையோடு நின்ற இம்மூவருக்கும் விளங்கிற்று. சூடு தாங்கும் பொருளைக் கடையில் தேடினோம், மார்க்கெட்டில் தேடினோம். சூடே இல்லாத பொருள் நாமேதான்.

ஆனாலும் பூரணம் நாலு பேரிடம் கேட்கச் சொல்லியிருந்தாள். எனவே டீக்கடைக்குப் போய், எங்களுக்குச் சூடு சொரணை உண்டா என்று பணிவாகக் கேட்டார்கள். அங்கே இருந்தவர்கள், பல வருடங்களாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்கள்போல, இல்லை என்றார்கள். குழாயடிக்குப் போனார்கள். தண்ணீர் வராத கோபத்தில் நின்ற ஒரு பெண்மணி, "உங்க மூணு பேருக்கும் கெடையாது, உங்களுக்கு அடுத்த மூணு தலைமுறைக்கும் கெடையாது" என்றாள்.

வெயிலுமுத்து கண் கலங்கிப்போனான். "மூணு தலைமுறைக்கு உத்தரவாதம் அண்ணே. தட்டோட்டுக்குக்கூட இவ்வளவு சொல்ல மாட்டாங்க."

சனிக்கிழமை விடிந்ததும் படிக்கட்டை இடிக்கத் தொடங்கினார்கள். இங்கே அவர்கள் மிகுந்த முன்யோசனையோடு நடந்துகொண்டார்கள். மேலிருந்து இடித்துக்கொண்டு வந்தால் கடைசியில் கீழே நிற்போம். பிறகு கூரைக்கு எப்படிப் போவது? ஆகவே கீழ்ப்படியிலிருந்து தொடங்கினார்கள். மேற்படியில் நின்று கீழ்ப்படியை இடிப்பது, ஒரு படி ஏறுவது, மறுபடி இடிப்பது என்று சீராக முன்னேறினார்கள். ஏறிவந்த படியை இடித்துவிட்டு உயரத்தில் போய் உட்காரும் வித்தையை உலகத்தில் பெரிய மனிதர்கள் பலர் செய்து காட்டியிருக்கிறார்கள். இவர்கள் கூலி வாங்காமல், ஊர் பார்க்க, தங்கள் கையாலேயே செய்தார்கள் என்பதுதான் வேறுபாடு. கடைசிப் படி சரிந்தபோது மூவரும் மொட்டை மாடியில் இருந்தார்கள். கடப்பாரை கீழே விழுந்துவிட்டது. அது இனித் தேவையில்லை என்று அதைப் பற்றி ஒருவரும் வருந்தவில்லை.

பிறகு வரிசையாகப் படுத்தார்கள்.

வெயில் ஏறியது. உச்சிக்கு வந்தது. தவசிலிங்கம் கண்ணைத் திறக்காமல் கேட்டான்: "சுடுதா?"

"சூடு இல்லாதவனுக்கு எப்படி அண்ணே சுடும்" என்றான் பால்வண்ணன். "எரியுது, அவ்வளவுதான்."

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பாவம், கருகிச் சாகப் போகிறார்கள் என்று பெண்கள் ஈரச்சாக்குகளை மேலே எறிந்தார்கள். யாரோ வேலிக்கு முடைந்து வைத்திருந்த தென்னங்கிடுகுகளைக் கொண்டு வந்து வீசினார்கள். போர்த்திக்கொள்ளுங்களடா என்று எல்லோரும் கத்தினார்கள். சரக்குக்கு மேலே சரக்கைப் போட்டால் எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும் என்று வெயிலுமுத்து மேலிருந்து விளக்கம் சொன்னான். ஆனால் மூன்று பேரின் அகலம் கூரைக்குக் காணாது என்பதை அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே தங்களுக்கு இடையிலும் இருபுறமும் இருந்த இடைவெளிகளில் கிடுகுகளைப் பரப்பி, அவற்றின்மேல் ஈரச்சாக்குகளை விரித்தார்கள். கடைசியாக மாசிலாமணி, தம் தோட்டத்து ஹோஸ் பைப்பை எடுத்து வந்து, திட்டிக்கொண்டே கூரை முழுவதும் தண்ணீர் பீய்ச்சினார். இருட்டும் வரை பீய்ச்சினார். விடிந்ததும் மறுபடி பீய்ச்சினார். திட்டுவதையும் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றது. பூரணம் குழந்தையோடு இறங்கினாள். கூட அவள் அண்ணன் உலகநாதன். ஆட்டோவைப் போக விடாமல் நிறுத்தி வைத்துவிட்டு, அவள் உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தாள்.

மாடியில் மூன்று பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் இன்னொரு சுவரில் கை வைத்தாள். பிறகு, நம்ப முடியாமல், குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். அழும் என்று எதிர்பார்த்துப் பக்கத்திலேயே நின்றாள். குழந்தை இரண்டு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிற்று. பூரணம் வெளியே வந்து ஆட்டோவைப் போகச் சொன்னாள். அப்போதுதான் படிக்கட்டு இருந்த இடத்தில் செங்கற்குவியல் கிடப்பதையும், கைப்பிடிச் சுவரின்மேல் மூன்று தலைகள் வரிசையாக இருப்பதையும் கண்டாள்.

"செவுரு சுடுதா, பூரணம்?" என்றது நடுத்தலை.

"சுடலை."

"பிள்ளை?"

"தூங்குது."

தவசிலிங்கத்தின் கண்ணில் நீர் வந்தது. அதையும் அவன் கூரையில் விழும்படியாகவே விட்டான். "நாலு பேருகிட்டக் கேட்டுத்தான் போட்டோம் மதினி" என்றான் வெயிலுமுத்து. நடந்ததையெல்லாம் மூவருமாக ஒருவர் விட்ட இடத்திலிருந்து ஒருவர் எடுத்துச் சொன்னார்கள். உலகநாதன் சிரிப்பை அடக்கமாட்டாமல் திண்டாடினான். அடக்கிக்கொண்டு, ஏணி ஒன்று பார்த்து வருகிறேன் மச்சான் என்று கிளம்பினான்.

"இருங்கண்ணே" என்றாள் பூரணம்.

அவள் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுவர் குளிர்ந்திருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யோசனை சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீடு இவ்வளவு குளுமையாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"இறங்கி வந்து பிள்ளையை ஒரு தடவை பாத்துட்டு ஏறிக்கிடட்டுமா?" என்று கெஞ்சினான் தவசிலிங்கம்.

"நீங்க இறங்கினா, சூடு உங்க மேல ஏறிக்கிட்டு இறங்குமே."

மூன்று தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இதை எப்படி மறந்தோம் என்று அவற்றுக்கு வெட்கமாக இருந்தது.

"அதுவும் சரிதான்" என்றான் தவசிலிங்கம். "நீ பிள்ளையைப் பாத்துக்கோ. கூரையை நான் பாத்துக்கிடுதேன்."

அன்று முதல் கயிற்றில் கட்டிய வாளியில் அவர்களுக்குக் கஞ்சி போகிறது. நன்றாக ஆற வைத்த கஞ்சி. அந்த விஷயத்தில் அவர்கள் கண்டிப்பானவர்கள். மாலையில் பூரணம் முற்றத்தில் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாள். குழந்தை மேலே பார்த்துச் சிரிக்கிறது. வேர்க்குரு அமுங்கிவிட்டது. சொன்ன சொல் தவறாமல் திங்கட்கிழமை கொத்தனார் தங்கப்பழம் வந்தார். ஏறுவதற்குப் படியும் இல்லை, பதிப்பதற்கு இடமும் இல்லை என்று கண்டு, இவ்வளவு நெருக்கமாகப் பதித்த வேலையைத் தாம் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மேலிருந்து மூவரும் அதற்கு நன்றி கூறினார்கள். எதிர்வீட்டு ஏட்டையா மட்டும் மனம் பொறுக்காமல் தம் ஏணியைக் கொண்டு வந்து சாத்தினார். ஏணியும் படிதானே, சூடு இறங்கிவிடும் என்று பதறி, மூவரும் சேர்ந்து அதைத் தெருவில் தள்ளிவிட்டார்கள். ஏணி இரண்டாக ஒடிந்தது.

இப்போது மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. கோடை மழை, இடியும் இருக்கும்போல் தெரிகிறது. மழை வந்தால் என்னடா செய்வீர்கள் என்று மாசிலாமணி கீழே நின்று கேட்டுப் பார்த்தார். மூவரும் தலையைச் சேர்த்து வைத்துக் கலந்து பேசினார்கள். பிறகு வெயிலுமுத்து எட்டிப் பார்த்து, அவர் வயதுக்குரிய மரியாதையோடு, "படிதான் இல்லையே ஏட்டையா. அது எப்படிக் கீழ இறங்கும்?" என்றான்.

ஆகவே அன்பர்களே, நாளை என்று தள்ளிப் போடாதீர்கள். நல்ல காரியத்துக்கு நாள் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கண்டுவிட்டீர்கள். உங்களில் யாரிடமாவது ஆள் இறங்கும்படியான, சூடு இறங்காதபடியான ஏணி ஒன்று இருந்தால், இன்றே, இதை வாசித்து முடித்த கையோடு, வெயிலுகந்தபுரத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் சாதாரண ஏணியே போதும். அதன் தலைமாட்டில் 'ஆட்கள் மட்டும் இறங்கவும்' என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். சூட்டுக்குக் கண் மங்கல்.